பழைய மகிழுந்தும் பொய்த்த வாக்கும்

முன்னுரை

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவர்கள் கொள்வதிலும் கொடுப்பதிலும் நடுநிலை பிறழாதவர்கள் என்று பட்டினப்பாலையில் சிறப்பிக்கின்றார். தராசும் படியும் கொண்டு அளக்கத்தக்க பொருள்களில் இந்நேர்மையை வாங்குபவரே உடனுக்குடன் சோதித்துக்கொள்ளலாம். அவ்வாறு அளந்தறிய இயலாத பொருள்களும் சந்தையில் உண்டு. ஒருவர் பயன்படுத்தியபின் விற்கும் மகிழுந்து அவற்றுள் ஒன்று. அதன் தோற்றம் எல்லார்க்கும் தெரியும். அதன் கடந்தகாலமோ விற்பவர் சொன்னால்தான் தெரியும்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தச் சந்தையையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார். நல்ல வண்டியும் பழுதுள்ள வண்டியும் பார்வைக்கு ஒன்றாகவே தோன்றுமிடத்தில், வாங்குபவர் இரண்டிற்கும் இடைப்பட்ட விலையையே தர முன்வருவார். அவ்விலை கட்டுபடியாகாமையால் நல்ல வண்டி வைத்திருப்போர் மெல்ல விலகிக்கொள்வர். பழுதானவை மிகுதியாக எஞ்சும். ஆகவே பொய் சொல்லி விற்கும் ஒரு வணிகர், தம்மிடம் வாங்கியவருக்கு மட்டுமன்றி, நேர்மையாக வணிகம் செய்யும் ஏனையோருக்கும் தீங்கிழைக்கின்றார். தகவல் சமமாகப் பகிரப்படாத சந்தைகள் பற்றிய ஆய்வுக்காக அக்கர்லாஃப் 2001ஆம் ஆண்டு வேறிருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தகைய விற்பனையில் சொல்லப்பட்ட வாக்குப் பொய்த்துவிட்டால், வாங்கியவர் எவ்வழியில் தீர்வு தேடுவது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குதிரையும் மௌனமும்

மகிழுந்து தோன்றுவதற்கு முன்பே இயற்றப்பட்டது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். வஞ்சகம் என்றால் என்ன என்று விளக்கும் அதன் 17ஆம் பிரிவில், குதிரை விற்பனையைக் கொண்டே எடுத்துக்காட்டுகள் அமைந்துள்ளன. ஒருவர் குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். குறை அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இது வஞ்சகம் ஆகாது என்கிறது சட்டம். வெறும் மௌனம் பொதுவாகக் குற்றமன்று.

அதே பிரிவில் வரும் மற்றோர் எடுத்துக்காட்டே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. வாங்க வந்தவர், "நீங்கள் மறுக்காவிட்டால் இக்குதிரை குறையற்றது என்றே கொள்வேன்" எனும் பொருள்படக் கேட்கிறார். விற்பவர் அப்போதும் பேசாதிருக்கிறார். இங்கே அந்த மௌனம் பேச்சுக்கு நிகராகிறது. குதிரை அதே குதிரை. குறையும் அதே குறை. மாறியது ஒன்றே: வாங்குபவர் கேட்டுவிட்டார்.

பழைய மகிழுந்து பற்றிய வழக்குகளின் உயிர்நிலை இதுவே. கேட்டது என்ன, சொல்லப்பட்டது என்ன, அதற்குச் சான்று என்ன என்னும் மூன்று வினாக்களுக்கு விடை சொல்ல முடிந்தவர் தம் உரிமையைப் பெரும்பாலும் காத்துக்கொள்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு

வளைகுடா நாடொன்றில் இருபது ஆண்டுகள் உழைத்துக் கீழக்கரைக்குத் திரும்பிய ஒருவரை எண்ணிக்கொள்வோம். முதிய தாயை இராமநாதபுரத்திலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவருக்கு ஒரு வண்டி தேவை. சென்னையில் உள்ள ஒரு விற்பனை நிலையத்தில் 4,80,000 ரூபாய் கொடுத்து வாங்குகிறார். "ஒரே உரிமையாளர் ஓட்டியது, 42,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, விபத்து எதுவும் இல்லை" என்பது விற்றவரின் வாக்கு. மூன்றாம் வாரத்தில் வண்டியைத் தயாரிப்பு நிறுவனத்தின் பணிமனைக்குக் கொண்டுசெல்கிறார். சென்ற ஆண்டே அவ்வண்டி 96,000 கிலோமீட்டர் கடந்திருந்ததை அங்குள்ள பதிவு காட்டுகிறது. முன்புற அடிச்சட்டம் வளைந்து, பின்னர் நிமிர்த்திப் பற்றவைக்கப்பட்டிருப்பதையும் மெக்கானிக் சுட்டிக்காட்டுகிறார். தாயை அமர்த்திச் செல்லும் வண்டி என்பதால், அவர் இழந்தது பணத்தை மட்டுமன்று. வண்டியின் மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் இழந்துவிட்டார்.

இனி அவர் செய்யவேண்டுவன யாவை என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பொய்த்த சொல் எது?

முதற்பணி, பொய்த்த சொல்லைப் பிரித்தெடுத்தல். "அருமையான வண்டி", "இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது" என்பன வணிகரின் புகழ்ச்சி மொழிகள். அவற்றின்மேல் வழக்கு நிற்பது அரிது. "42,000 கிலோமீட்டர்", "விபத்து இல்லை", "ஒரே உரிமையாளர்" என்பனவோ உண்மையா பொய்யா என்று சோதிக்கத்தக்க செய்திகள். வழக்கு நிற்பது இவற்றின்மேல்தான். பழைய வண்டியில் பிரேக் கட்டை தேய்வதும் மின்கலம் வலுவிழப்பதும் இயல்பான தேய்மானம். இவற்றையெல்லாம் முறையீட்டில் கலந்தால் உண்மையான குறை மங்கிவிடும்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரித்துச் சொல்லி விற்கப்படும் பொருள் அவ்விவரத்திற்கு ஒத்திருக்கவேண்டும் என்கிறது. அதேவேளை, வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளைப் பற்றிப் பின்னர் முறையிட இடமில்லை என்றும் அது வரையறுக்கிறது. கதவில் கண்ணுக்குத் தெரியும் நெளிவுக்கு வழக்கில்லை; வண்ணப்பூச்சின் கீழ் மறைந்த பற்றவைப்புக்கு வழக்குண்டு.

விற்றவர் வஞ்சகர் என்று மெய்ப்பிக்கவேண்டுவது எப்போதும் இன்றியமையாதது அன்று. தொலைவுமானியைக் குறைத்தவர் முந்தைய உரிமையாளராக இருக்கலாம், வணிகரும் ஏமாந்திருக்கலாம். தக்க ஆதாரமின்றி உறுதியாகச் சொன்ன செய்தி பொய்யாகுமாயின், சொன்னவர் அதை உண்மையென்று நம்பியிருந்தாலும், அது தவறான எடுத்துரைப்பே என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ஆதலால் "ஏமாற்றுக்காரன்" என்று கடையின் முன் நின்று கூவுவதால் பயனில்லை. "நீங்கள் சொன்னது இது, உள்ளது இது" என்பதே போதும்.

"உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்ற அச்சிட்ட வாசகத்தைக் காட்டிச் சிலர் கைவிரிப்பர். சொல்லாமலேயே சட்டம் உட்கொள்ளும் சில உறுதிகளை அவ்வாசகம் குறைக்கக்கூடும். வாய்விட்டுச் சொன்ன பொய்யை அது மெய்யாக்கிவிடாது.

சான்றுகளைத் திரட்டல்

குறை தெரிந்ததும் பலர் செய்யும் முதற்பிழை, உடனே பழுது நீக்கிவிடுவது. நீக்கப்பட்ட பழுதைப் பின்னர் யாரும் காண இயலாது. இரண்டாம் பிழை, குறை தெரிந்த பின்னும் பல மாதங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது. பொருளை ஏற்றுக்கொண்டவர் பொதுவாக அதைத் திருப்பித் தரும் உரிமையை இழந்து, இழப்பீடு மட்டுமே கேட்கும் நிலைக்கு வந்துவிடுவார் என்பது விற்பனைச் சட்டத்தின் கருத்து. எனவே வண்டியை நிறுத்திவைத்து, தொலைவுமானியின் எண்ணைத் தேதியுடன் படமெடுத்து வைப்பது நலம். காப்பீடு மட்டும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பின்வருவனவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவைத்தல் வேண்டும்: விளம்பரத்தின் நகல், வணிகருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பணம் செலுத்திய வங்கிச் சான்று, ரசீது, விற்பனைக் கடிதம், பதிவுச் சான்று, காப்பீட்டு ஆவணம், பணிமனையின் பழைய பதிவுகள். கைப்பேசியில் உள்ள உரையாடலை அழிக்கலாகாது. மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது உரிய சான்றிதழ் இணைக்கப்படவேண்டும் என 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கூறுகிறது.

இவற்றுள் தலையாயது, விவரம் அறிந்த பொறியாளர் அல்லது பணிமனை தரும் எழுத்துமூல அறிக்கை. குறை என்ன, அது விற்பனைக்கு முன்பே இருந்ததற்கு அடையாளம் என்ன, சரிசெய்ய ஆகும் செலவு எவ்வளவு என்னும் மூன்றும் அதில் இருக்கவேண்டும். "வண்டி சரியில்லை" என்ற வாய்மொழி, ஆணையத்தின் முன் எடுபடாது.

விற்றவர் யார்?

எளிதாகத் தோன்றும் இவ்வினாவில்தான் பலர் இடறுகின்றனர். உரிமை மாற்றத்திற்கான 29, 30ஆம் எண் படிவங்களில் முந்தைய உரிமையாளர் கையொப்பமிட்டிருப்பார்; அடுத்த இடத்தில் வாங்கியவர் கையொப்பமிடுவார். இடையில் நின்று பணம் பெற்ற வணிகரின் பெயர் எங்கும் இராது. வழக்கென்று வந்ததும், "நான் வெறும் தரகன், உரிமையாளரைக் கேளுங்கள்" என்பார்.

இக்குறையைக் களைய மத்திய மோட்டார் வாகன விதிகள் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் திருத்தப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவுசெய்யப்பட்ட வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும்; உரிமையாளர் வண்டியை வணிகரிடம் ஒப்படைக்கும்போதே அச்செய்தி பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கப்படவேண்டும். வணிகரிடம் அச்சான்று உள்ளதா என்று கேட்பது வாங்குபவரின் கடமை. மேலும், பணத்தை வணிக நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தி, நிறுவனத்தின் பெயரிட்ட ரசீது பெற்றால், "நான் தரகன்" என்னும் வாதம் வலுவிழக்கும்.

விற்றவர் வணிகராக இல்லாமல், தம் சொந்த வண்டியை விற்ற தனியாளாக இருந்தால், நுகர்வோர் ஆணையத்தை அணுக இயலாது. உரிமையியல் நீதிமன்றமே வழி.

முதலில் கடிதம்

சான்றுகள் கைக்கு வந்தபின் நேரில் சென்று அமைதியாகப் பேசிப் பார்க்கலாம். பேச்சு முடிந்த அன்றே, பேசிய பொருளைச் சுருக்கி வணிகருக்குச் செய்தியாக அனுப்பிவிடவேண்டும். அதனாலும் பயனில்லையேல், விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பாதுகாக்கவேண்டும். இதற்கு வழக்கறிஞர் கட்டாயம் அன்று.

நம் கீழக்கரை நண்பரின் கடிதம் இவ்வாறு அமையலாம்: இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள வண்டியை 4,80,000 ரூபாய்க்குத் தங்களிடம் வாங்கினேன். 42,000 கிலோமீட்டர் ஓடியது, விபத்து இல்லாதது என்று தங்கள் விளம்பரமும் தங்கள் செய்தியும் கூறின. பணிமனைப் பதிவு 96,000 என்று காட்டுகிறது. அடிச்சட்டம் பற்றவைக்கப்பட்டுள்ளதாகப் பொறியாளர் அறிக்கை கூறுகிறது. இரண்டின் நகல்களையும் இணைத்துள்ளேன். வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் தரவேண்டும். பதினைந்து நாள்களுக்குள் மறுமொழி இல்லையேல் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

கடிதம் இவ்வளவே. வசையும் அச்சுறுத்தலும் இதில் இல்லை. நாளை ஆணையத்தின் தலைவர் படிக்கப்போகும் முதல் ஆவணம் இதுவாக இருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொண்டு எழுதவேண்டும்.

மனத்திற்குள் மற்றொரு கணக்கையும் அவர் போட்டுவைத்திருத்தல் நலம். வண்டியை வைத்துக்கொள்ள அவர் ஒப்புவதாயின், அதே ஆண்டில் வெளிவந்து 96,000 கிலோமீட்டர் ஓடி, விபத்திற்கு உள்ளான வண்டியின் சந்தை விலை என்ன? அது 3,50,000 ரூபாய் எனக் கொண்டால், வேறுபாடு 1,30,000 ரூபாய். பொறியாளர் அறிக்கைக்கும் போக்குவரத்திற்கும் ஆன செலவையும் இதனுடன் கூட்டினால், சமரசப் பேச்சில் அவர் எந்த எல்லைவரை இறங்கலாம் என்பது தெளிவாகும். ஆனால் அடிச்சட்டம் பாதுகாப்பற்றது எனப் பொறியாளர் கூறியிருந்தால், விலைக்குறைப்பை ஏற்பது அறிவுடைமை ஆகாது. தாயின் உயிருக்கு 1,30,000 ரூபாய் ஈடன்று.

நுகர்வோர் ஆணையம்

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்தையோ தன்மையையோ பற்றிப் பொய்யாக எடுத்துரைப்பதும், உரிய ரசீது தர மறுப்பதும் இச்சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடவடிக்கைகள் ஆகும்.

தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்னும் எண்ணில் அழைத்து முறையிடலாம். மையம் வணிகருடன் தொடர்புகொண்டு தீர்வுக்கு முயலும். ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை. அதிகாரம் உள்ளது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்கே. பொருளுக்காகச் செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத முறையீடுகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கிறது. ஐந்து இலட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. பழைய சட்டத்தின்கீழ் எதிர்த்தரப்பினர் உள்ள ஊரையோ வழக்கெழுந்த ஊரையோ நாடவேண்டியிருந்தது. புதிய சட்டத்தில் முறையிடுபவர் வாழும் ஊரிலேயே வழக்கிடலாம். ஆகவே சென்னையில் வாங்கிய நம் நண்பர், இராமநாதபுரம் மாவட்ட ஆணையத்திலேயே கட்டணமின்றி முறையிடலாம். தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கவும் உரிமையுண்டு. வழக்கெழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையீடு தாக்கலாகவேண்டும் என்பதை மறத்தலாகாது.

அறிவிப்புப் பெற்ற எதிர்த்தரப்பினர் முப்பது நாளுக்குள் மறுமொழி தரவேண்டும். மேலும் பதினைந்து நாள்வரையே அதை நீட்டிக்கலாம். மூன்று மாதத்திற்குள்ளும், பொருளைச் சோதிக்கவேண்டிய வழக்குகளில் ஐந்து மாதத்திற்குள்ளும் முடிவுகாண முயலவேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் இதைவிட நெடுங்காலம் ஆகலாம் என்று எண்ணியே மனத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ளவேண்டும்.

இந்தக் காலநீட்சியைத் தவிர்க்கச் சட்டமே ஒரு வழியைத் திறந்துவைத்துள்ளது. இரு தரப்பினரும் எழுத்துமூலம் ஒப்பினால் வழக்கை ஆணையம் சமரசத்திற்கு அனுப்பும். அங்கே ஏற்படும் உடன்பாடு எழுதிக் கையொப்பமிடப்பட்டு, ஆணையத்தின் உத்தரவாகிறது. உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும், எவருக்கும் இழப்பில்லை. இரு தரப்பினரும் ஓரளவு விட்டுக்கொடுக்கும் மனமுடையவராயின் இதுவே சிறந்த வழி எனலாம்.

வழக்கு நடந்து முறையீடு மெய்ப்பிக்கப்பட்டால், குறையை நீக்கவும், விலையை வட்டியுடன் திருப்பித் தரவும், இழப்பீடும் செலவுத்தொகையும் வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்குச் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்க இடமுண்டு.

காவல் நிலையம் எப்போது?

எல்லாப் பூசலையும் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்வது வழக்கமாகிவிட்டது. விலையும் தரமும் பற்றிய உரிமையியல் வழக்கில் காவல்துறை தலையிட இயலாது. ஆனால் வண்டி திருடப்பட்டது என்று தெரிந்தாலோ, அடிச்சட்ட எண் சுரண்டி மாற்றப்பட்டிருந்தாலோ, ஆவணங்கள் போலியாக இருந்தாலோ தாமதமின்றிக் காவல்துறைக்கு எழுதித் தரவேண்டும். ஏமாற்றுதலுக்கான தண்டனை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் அமைந்துள்ளது.

வாங்குமுன் கேட்க

நோய்க்கு மருந்து கூறியபின் வருமுன் காக்கும் முறையையும் கூறுதல் கடன். பதிவு எண்ணைக் கொண்டு அரசின் பரிவாகன் சேவையில் வண்டியின் பதிவு விவரங்களைப் பார்க்கலாம். வங்கிக் கடன் நிலுவை இருப்பின், அது தீர்ந்ததற்கான சான்று இன்றி முன்பணம்கூடத் தரலாகாது. முந்தைய காப்பீட்டில் இழப்பீடு பெறப்பட்டதா என்று கேட்கவேண்டும். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண் உண்டு. குறைந்த தொலைவே ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருந்தால் ஐயுறவேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. ஆகவே விரிப்பின் அடியில் சேற்றுப் படிவோ இருக்கையின் அடிக்கம்பியில் துருவோ உள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

இவை அனைத்திற்கும் மேலாக, விலைபேசி முடிக்கும் முன் வணிகருக்கு ஒரு செய்தி அனுப்பவேண்டும்: "இவ்வண்டி 42,000 கிலோமீட்டர் ஓடியது, விபத்தோ வெள்ளமோ காணாதது, கடன் அற்றது என்று தாங்கள் சொன்னதை நம்பி வாங்குகிறேன். இதில் பிழை இருந்தால் இப்போதே தெரிவியுங்கள்." நேர்மையான வணிகர் தயங்காமல் "ஆம்" என்பார். மற்றவர் வேறு வண்டி காட்டுவார், அல்லது பேசாதிருப்பார். பேசாதிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நலம்.

முடிவுரை

குதிரைச் சந்தையில் கேட்கவேண்டியிருந்த கேள்வி, ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. அதை அன்று வாயால் கேட்டனர். இன்று எழுத்தில் கேட்கும் வசதி நம் கையில் உள்ளது. நம் வீடுகளில் பெரியவர்கள் வண்டி வாங்கச் செல்லும்போது, அந்த நான்கு வரிச் செய்தியை எழுதித் தருவதும், ரசீதைப் படித்துச் சொல்வதும், குறை நேர்ந்தால் கடிதம் வரைந்து கொடுப்பதும் கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர் செய்யத்தக்க பணிகள். ஐயந்திரிபற எழுதக் கற்ற தமிழ் இங்கேயும் பயன்பட்டால், ஒரு குடும்பம் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணம் காக்கப்படும்.